கை போகும் இடத்தில் ஹாரன்

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிய லாரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும். வளைவு நெருங்கியதும் டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை மாற்றி மாற்றி இழுத்து ஒடிக்க வேண்டும். மேலிருந்து என்ன இறங்குகிறது என்பது தெரியாது, பாறையும் மூங்கில் புதரும் மறைத்திருக்கும். தான் வருவதை எதிரே வருபவருக்குச் சொல்ல அவருக்கு இருக்கும் ஒரே வழி ஹாரன். அந்த ஹாரன் பொத்தானோ ஸ்டீயரிங்கின் நட்டநடுவில் இருக்கிறது. அதை அழுத்த ஒரு கையை எடுத்தாக வேண்டும். பவர் ஸ்டீயரிங் வராத காலத்து லாரியில் மிச்சமிருக்கும் ஒற்றைக் கை அந்தப் பாரத்துக்குப் போதாது.

இந்த இக்கட்டை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு, பழைய லாரிகளில் ஸ்டீயரிங்கின் ஆரக்காலில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டியிருக்கும் சின்ன சுவிட்ச் எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சில வண்டிகளில் அது வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் சுவிட்சாகவே இருக்கும். சிலர் அதை டேஷ்போர்டின் வலது மூலையில் திருகி வைப்பார்கள், சிலர் இண்டிகேட்டர் தண்டின் அருகே கட்டுவார்கள். அவரவர் கைவாக்குக்கு ஏற்ற இடம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வெறும் ஒட்டுவேலை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் ஹாரன் பொத்தானுக்குச் சரியான இடம் எது என்ற கேள்விக்கு மோட்டார் கம்பெனிகளே நூறாண்டுகளாக விடையை மாற்றி மாற்றி எழுதி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றில், லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைக்காரர் ஒட்டிய சுவிட்சுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு.

மோட்டார் வருவதற்கு முன்பும் நம் சாலைகளில் எச்சரிக்கை ஒலி இருந்தது. மாட்டின் கழுத்து மணி இருந்தது. வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் மணி ஓயாது. தபால் பையைச் சுமந்து ஓடியவர்கள் மணி கட்டிய ஈட்டியைக் கையில் வைத்திருந்தார்கள், அந்தச் சத்தத்துக்குக் காட்டு விலங்கும் விலகும், ஆளும் விலகுவார். இவற்றிலெல்லாம் நடையே ஒலியாக இருந்தது. ஒலிக்கென்று யாரும் தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வண்டியில்தான் ஒலி ஓட்டத்தில் இருந்து பிரிந்து கையின் வேலையாக மாறியது. ஏற்கெனவே ஸ்டீயரிங், கியர், பிரேக் என்று அலைந்துகொண்டிருந்த கைக்கு இன்னொரு வேலை.

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இயந்திர வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்று விதித்திருந்தது. 1896-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. முன்னே நடந்த ஆளின் வேலையை மணியும் ஊதுகுழலும் ஏற்றுக்கொண்டன. அப்படி வந்ததுதான் ரப்பர் பந்து ஹாரன். பந்தை அமுக்கினால் காற்று பாய்ந்து பித்தளை நாக்கை அதிரவைக்கும், வளைந்த குழல் அந்த அதிர்வைப் பெரிதாக்கி வெளியே அனுப்பும். தமிழ்நாட்டுப் பேருந்துகளிலும் லாரிகளிலும் இதை நெடுங்காலம் காண முடிந்தது. வலப்பக்கம் வெளியே பித்தளைக் குழல், டிரைவரின் கைக்கு எட்டுகிற மாதிரி கறுப்பு ரப்பர் பந்து. பேட்டரி இறங்கிப்போனாலும் பந்து ஹாரன் கைவிடாது என்பதால் மின்சார ஹாரன் வந்த பிறகும் பலர் அதைக் கழற்றவில்லை. அதன் ஒரே குறை, அதை அமுக்கும் நேரம் முழுக்க வலது கை ஸ்டீயரிங்கில் இருக்காது என்பதுதான்.

ஸ்டீயரிங் வட்டமே ஆரம்பத்தில் இருந்ததில்லை. முதல் மோட்டார் வண்டிகளைப் படகின் சுக்கான் போல ஒரு தண்டை இடமும் வலமும் தள்ளித்தான் திருப்பினார்கள். 1894-இல் நடந்த பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தம் பனார் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளில் அந்த வட்டமே வழக்கமாகிவிட்டது. இரண்டு கையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஹாரன் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மின்சாரம் அதை உள்ளே கொண்டுவந்தது. அமெரிக்காவின் மில்லர் ரீஸ் ஹட்சிசன் கண்டுபிடித்த கிளாக்சன் 1908-இல் விற்பனைக்கு வந்தது. சின்ன மோட்டார் ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்ற, அந்தப் பற்கள் உலோகத் தகட்டின் நடுவில் இருக்கும் குமிழை உரசி அதைக் கத்தவைக்கும். இதே ஹட்சிசன்தான் காது கேளாதவர்களுக்கான மின்சாரக் கருவியையும் செய்தவர். 1915 வாக்கில் ஃபோர்டு மாடல்-டி வண்டியில் பந்து ஹாரன் போய், ஸ்டீயரிங் தண்டின் மேலே ஒரு பொத்தான் வந்துவிட்டது. 1921-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தன் மின் ஹாரனை வெளியிட்டது. பல்சக்கரம் இல்லாமல் மின்காந்தமே தகட்டை இழுத்து விடுவது இன்றும் வழக்கில் இருக்கும் முறை. தகடு உள்ளே இழுபட்டவுடன் இணைப்பு துண்டாகும், துண்டானவுடன் தகடு திரும்பும், திரும்பியவுடன் மறுபடி இணைப்பு கூடும். நொடிக்குச் சில நூறு முறை இது நடப்பதையே நாம் ஒற்றை ஒலியாகக் கேட்கிறோம்.

பொத்தானை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டீயரிங் சுற்றும், வயர் சுற்றாது. லாரி ஸ்டீயரிங்கை இடக்கோடியில் இருந்து வலக்கோடி வரை திருப்ப ஐந்தாறு சுற்று கூட ஆகும். வயரை நேராக இழுத்துக் கட்டினால் முதல் திருப்பத்திலேயே அறுந்துபோகும். பொறியாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். ஸ்டீயரிங்கின் அடியில் பித்தளை வளையம் ஒன்றை வைத்து, தண்டில் நிலையாக நிற்கும் ஸ்பிரிங் முனை எப்போதும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் தொடர்பு விடாது. பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் வேறொரு முறை இருந்தது. ஸ்டீயரிங் தண்டு உள்ளீடற்ற குழாய். அதற்குள் சுற்றாமல் நிற்கும் இன்னொரு மெல்லிய குழாய், அதன் வழியே வயர். அந்த வயர் கீழே ஸ்டீயரிங் பெட்டியின் அடியில் வெளியே வரும். அங்கே ஆயில் கசியாமல் இருக்கச் சின்ன அடைப்பு.

வயரை மிச்சப்படுத்தும் தந்திரமும் இதில் சேர்ந்தது. வண்டியின் இரும்பே எர்த் என்பதால் பொத்தானுக்கு ஒரே ஒரு வயர் போதும். பேட்டரியில் இருந்து ஹாரனுக்கு நேரடியாகக் கரண்ட் வந்து காத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஹாரனின் மறுமுனை வண்டியின் உடம்போடு சேரும், ஒலி எழும். ஸ்டீயரிங்கின் நடுப்பொத்தானை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பித்தளைக் குமிழ், ஒற்றை வயர் மட்டுமே இருக்கும். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் அதில் கைவைக்கும் துணிவு எல்லாப் பட்டறைகளுக்கும் வந்தது.

நடுவில் வைத்த பொத்தான் எல்லோருக்கும் வசதியாக இருக்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் இருந்து அமெரிக்கக் கார்களில் ஸ்டீயரிங்குக்கு உள்ளே சின்ன வளையம் ஒன்று வந்தது. கையை எடுக்காமல் கட்டைவிரலால் அதை அமுக்கினால் ஹாரன் அடிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இண்டிகேட்டர் தண்டின் நுனியிலேயே ஹாரனை வைத்தார்கள். 1969-இல் அமெரிக்கக் கம்பெனிகள் இன்னும் ஒரு படி போய், ஸ்டீயரிங் வட்டத்தின் உள்விளிம்பு முழுவதையும் சுவிட்சாக மாற்றின. எங்கே பிடித்திருந்தாலும் அங்கேயே இறுக்கினால் போதும். கேட்பதற்கு அருமையான யோசனை. ஆனால் வெயிலிலும் வயதிலும் அந்த ரப்பர் பட்டை சுருங்கியது. சில வண்டிகளில் ஹாரன் தானாக அடித்தது, சிலவற்றில் அடிக்கவே மறுத்தது. ஐந்தாறு ஆண்டுகளில் அது மறைந்துபோனது. கை இருக்கும் இடத்துக்கே ஹாரன் வர வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்ட்டுக்கும் நாமக்கல்லுக்கும் பொது. இங்கே அது காலிங் பெல் சுவிட்சில் முடிந்தது, பழுதானால் சில ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம்.

நாமக்கல் இந்தக் கதைக்குள் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு கைகோத்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் அதன் தொழிற்சாலை. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா, மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. இந்த இரு கம்பெனிகளும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் விற்றது முழு லாரியை அன்று. எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், முன்மூக்கு மட்டும் உள்ள வெறும் சேசிஸைத்தான். கதவு, கூரை, முன்கண்ணாடி எதுவும் இருக்காது. பலகையைக் கட்டி அதில் உட்கார்ந்து, தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துணியும் சுற்றிக்கொண்டு ஜாம்ஷெட்பூரில் இருந்தும் எண்ணூரில் இருந்தும் சேசிஸை ஓட்டிவந்த டிரைவர்கள் தனி இனம். மழையும் வெயிலும் தூசியும் நேராக முகத்தில் அடிக்கும். அந்த நெடும்பயணத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே துணை ஸ்டீயரிங் நடுவில் இருந்த அந்தப் பொத்தான்தான்.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளில்தான் அந்த எலும்புக்கூடு லாரியாகும். மரம் அறுப்பவர், தகடு வெட்டுபவர், வெல்டர், பெயின்டர், குஷன் தைப்பவர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு தெருவே கூடி ஒரு வண்டியை முடிக்கும். வெளிமாநில லாரிகளும் பாடி கட்ட அங்கே வருகின்றன. இதில் முக்கியமான செய்தி, டிரைவரின் கேபினும் அங்கேதான் பிறந்தது என்பது. கம்பெனி வரைபடத்தில் இல்லாத படுக்கை, சாமான் பெட்டி, சாமி படத்துக்கு மாடம், டேப் ரெக்கார்டருக்குக் குழி எல்லாவற்றையும் தச்சரும் டிரைவரும் பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சில் ஹாரன் சுவிட்சும் சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. ஓட்டப்போகிறவரிடம் கேட்டு வண்டியின் உள்ளறையைக் கட்டும் வழக்கம் வேறு எந்த மோட்டார் தொழிலில் இருந்தது? அந்தப் பட்டறைகளுக்குச் சேர வேண்டிய பெருமையில் பாதியைக்கூட நாம் தரவில்லை.

சாலையும் ஒரு காரணம். நான்குவழிச் சாலைகள் வருவதற்கு முன்னால் தேசிய நெடுஞ்சாலை என்பதே பல இடங்களில் எதிரெதிர் வண்டிகள் மண்ணில் இறங்கி வழிவிட்டுக்கொள்ளும் ஒற்றைத் தார்ச்சாலை. அகலமான பாடி கட்டிய லாரிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. இடது ஜன்னலில் இருக்கும் கிளீனரின் கண்ணும், பின்னால் வருபவர் அடிக்கும் ஹாரனும்தான் அவருக்குப் பின்புறக் கண்ணாடி. லாரியின் முதுகில் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியதும் வடக்கே ‘ஹாரன் ஓகே ப்ளீஸ்’ என்று எழுதியதும் இதனால்தான். ஹாரன் அடி, வழி விடுகிறேன் என்ற உடன்படிக்கை அது. சின்னதாக ஒரு தட்டு தட்டினால் சைடு கேட்கிறார் என்று அர்த்தம். நீட்டி அடித்தால் முந்திக்கொண்டிருக்கிறார், விலகாதே என்று பொருள். தாண்டிப் போனபின் வரும் குட்டி ஒலி நன்றி. இத்தனையும் ஒரே பொத்தானில் பேசிய டிரைவருக்கு அது விரல்நுனியில் வேண்டும் என்பது நியாயமான தேவை.

ஏர் பிரேக் வந்தபோது இன்னொரு ஒலி கிடைத்தது. பிரேக்குக்காக கம்ப்ரசர் சேர்த்துவைக்கும் காற்றை ஒரு குழாயில் திருப்பிவிட்டால் கப்பல் சங்கு போல முழங்கும். அமெரிக்க லாரிகளில் கூரையில் இருந்து ஒரு கயிறு தொங்கும், டிரைவர் அதை இழுப்பார். அங்கே சாலையோரக் குழந்தைகள் கையை மேலே தூக்கி இழுப்பதுபோல் சைகை காட்டி ஹாரன் அடிக்கச் சொல்வது அந்தக் கயிற்றால் வந்த வழக்கம். நம் லாரிகளில் கயிற்றின் இடத்தில் மின்வால்வு வந்தது, அதை இயக்கத் தனி சுவிட்ச். 1970-இல் கோயம்புத்தூரில் மின் ஹாரன் செய்யத் தொடங்கிய ரூட்ஸ் நிறுவனம், 1984-இல் ஏர் ஹாரனுக்கெனத் தனி நிறுவனத்தைத் தொடங்கியது. கொங்கு நாட்டு லாரிக்கு ஹாரனும் கொங்கு நாட்டிலேயே கிடைத்தது.

ஒரு லாரியில் இரண்டு ஹாரன்கள் வந்ததும் பட்டறை எலக்ட்ரீஷியன் ஒரு நல்ல வேலை செய்தார். டேஷ்போர்டில் டூ-வே சுவிட்ச் ஒன்றை வைத்து, ஸ்டீயரிங் பொத்தானை எந்த ஹாரனுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும்படி செய்தார். ஊருக்குள் மின் ஹாரன், ஊரைத் தாண்டினால் ஏர் ஹாரன். சுவிட்சை மறக்காமல் திருப்புகிற டிரைவர் இருக்கும்வரை அது நாகரிகமான ஏற்பாடு.

ஆரக்காலில் கூடுதல் சுவிட்ச் வைக்கும் வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதலில் டிரைவரை சீட்டில் உட்காரவைத்து, “கைய எங்க வெப்பீங்க, வெச்சுக் காட்டுங்ண்ணா” என்பார் எலக்ட்ரீஷியன். வெறுமனே காட்டினால் விடமாட்டார், வளைவில் திருப்புகிற மாதிரி ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்வார். கட்டைவிரல் இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸில் ஒரு கோடு. பிறகு நடுப்பொத்தானை நெம்பி எடுத்து, டெஸ்ட் லேம்ப் முனையால் தொட்டுப் பார்ப்பார். புதிய சுவிட்சின் ஒரு வயரை நடுப்பொத்தானுக்கு வரும் பித்தளைக் குமிழில் சேர்ப்பார். இன்னொரு வயரை ஸ்டீயரிங்கின் இரும்பிலேயே திருகிவிடுவார். அவ்வளவுதான். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து இரண்டு வயரும் சுற்றும், பித்தளை வளையம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தண்டைச் சுற்றி வயரைச் சுருட்டி விடுவது அரைகுறை வேலை, பத்து நாளில் அறுந்து உரசி ஃபியூஸைப் பறித்துவிடும்.

சில வண்டிகளில் இவ்வளவும் செய்தபின் ஹாரன் அடிக்காது. ஸ்டீயரிங் தண்டின் நடுவில் ரப்பர் இணைப்பு இருந்தால் எர்த் அங்கேயே துண்டாகிவிடும். அனுபவசாலி அதைக் கண்டதும் ரப்பரின் மேலும் கீழும் ஒரு செப்பு நாடாவைப் பாலம்போலப் போட்டுவிடுவார். அடுத்தது ரிலே. 24 வோல்ட் ஹாரன் சில ஆம்பியர் இழுக்கும், அதைச் சின்ன சுவிட்ச் வழியே ஓடவிட்டால் முனை பொறிபறந்து கருகும். ரிலே வைத்தால் சுவிட்சில் ஓடுவது மிகச் சிறிய கரண்ட், பெரிய கரண்ட் ரிலேக்குள் ஓடும். ரிலேயின் நான்கு கால்களிலும் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். ஜெர்மானியத் தரநிலை ஒன்று கொடுத்த எண்கள் அவை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன்கூட “எண்பத்தஞ்சுல எர்த்து, எண்பத்தேழுல ஹாரன்” என்று கண்ணைமூடிச் சொல்வான்.

இதில் மனம் உறுத்தும் பக்கமும் இருக்கிறது. கைக்கு எட்டுவது எளிதானதும், தேவையில்லாதபோதும் கை அங்கே போனது. ஏர் ஹாரனை வளைவில் அடிப்பது உயிரைக் காக்கும், பேருந்து நிலையத்தில் நிற்கும் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் அடிப்பது கொடுமை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதி, பல சுருதிகளை அடுத்தடுத்து எழுப்பும் ஹாரனையும், காதைக் கிழிக்கும் கடூரமான ஒலியையும் தடை செய்கிறது. 2005-இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஹாரன் கூடாது என்றது, அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல்முறை 1000 ரூபாய், அடுத்தமுறை 2000 ரூபாய் அபராதம் என்கிறது. ஒலியின் ஆபத்தைவிடக் காற்றின் ஆபத்தைக் குறைவாகப் பேசுகிறோம். பிரேக் டேங்கில் இருந்து நேராகக் குழாய் எடுத்து ஏர் ஹாரன் போட்டால், அந்தக் குழாய் கசியும் நாளில் பிரேக்குக்கு வேண்டிய காற்றும் போகும். துணை வேலைகளுக்கென்று காப்பு வால்வு தனியாக ஒதுக்கிய வழியில் இருந்துதான் காற்றை எடுக்க வேண்டும். நல்ல பட்டறைகள் அப்படித்தான் செய்கின்றன. அவசரத்தில் சாலையோரத்தில் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்த டிரைவர்களுக்கு இது எத்தனையோ ஆண்டு தாமதமாக வந்த நீதி. கம்பெனியே முழுதாகக் கட்டித் தரும் கேபின்கள் பெருகப் பெருக, டிரைவரும் தச்சரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த உள்ளறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் எதிரே வருபவரின் ஹாரன் மங்கித்தான் கேட்கும். பல புதிய லாரிகளில் ஸ்டீயரிங் பொத்தான் ஹாரனோடு நேராகப் பேசுவதில்லை, நடுவில் ஒரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. ஆரக்காலில் ஒரு வயரைச் சேர்த்து இரும்பில் திருகும் பழைய வித்தையை அங்கே காட்டினால் பெட்டி பழுதாகும், வாரண்டியும் போகும். அதனால் எலக்ட்ரீஷியன் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, தனி வயர் என்று இழுத்து வந்து, டிரைவரிடம் கையை வைத்துக் காட்டச் சொல்லி, டேஷ்போர்டின் வலது மூலையில் சாக்பீஸால் கோடு போடுகிறார்.